பின்வாசல் தாழ்ப்பாள்

வெர்டெல் ப்ரூயிட் டீச்சருக்கு ஆட்களின் முகம் மறந்துபோகும், தலை மறக்காது. சர்ச்சில் கடைசி வரிசையில் உட்கார்ந்தபடியே, முன்னால் தெரிகிற பின்னந்தலைகளைப் பார்த்து யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் விருந்து என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் ஊரிலுள்ள பாதித் தலைகளின் ரகசியத்தை மாசக்கணக்கில் வாயைத் திறக்காமல் காப்பாற்றினார் என்பதுதான் ஆச்சரியம்.

அமெரிக்காவின் ஜார்ஜியாவில் டன்ஃபோர்ட் என்ற அந்தச் சின்ன ஊரில், கறுப்பினப் பிள்ளைகள் மட்டும் படித்த கறுப்புப் பள்ளியில் அவர் அழகுக்கலை வகுப்பு நடத்திவந்தார். வெள்ளைப் பள்ளியும் கறுப்புப் பள்ளியும் ஒன்றாக வேண்டும் என்று கோர்ட் உத்தரவு வந்தது. ஒன்றாவது என்பதை ஊர்ப் பெரிய மனிதர்கள் தங்களுக்குத் தோதாகப் புரிந்துகொண்டார்கள். கறுப்புப் பள்ளியை இழுத்து மூடினார்கள். அது ஜெயித்த கோப்பைகளைக் குப்பையில் போட்டார்கள். அதன் ஹெட்மாஸ்டரை வெள்ளைப் பள்ளியில் பஸ்களை மேய்க்க வைத்தார்கள். டீச்சர்களில் பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வெர்டெலின் வேலை தப்பியதற்குக் காரணம் யாருடைய நல்ல மனசும் இல்லை. வெள்ளைப் பள்ளியின் அழகுக்கலை டீச்சர், வசதியான வெள்ளை வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து, கறுப்பர்களைச் சேர்க்காமல் பருத்திக் கிடங்கில் அவசர அவசரமாகத் தொடங்கிய தனியார் பள்ளிக்கு ஓடிவிட்டார். அங்கே தலை அலச ஒரு தண்ணீர்க் குழாய்கூடக் கிடையாது. பாவம், டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் வகுப்பில் கறுப்புப் பெண்கள் ஒரு சுவரோரமாகவும் வெள்ளைப் பெண்கள் எதிர்ச்சுவரோரமாகவும் நின்றார்கள். நடுவில் லாரியே போகலாம். வெர்டெல் இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"நாளைக்குக் கடை வச்சீங்கன்னா கதவைத் திறந்துக்கிட்டு யார் வருவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? ஜோனெல், நீ ட்வைலா தலையைப் பிடி. அப்புறம் அவ உன் தலையைப் பிடிப்பா."

ஜோனெல் கறுப்புப் பாதிரியாரின் மகள், வாய் ஓயாது. ட்வைலா வெள்ளைக்கார நூல் மில் தொழிலாளியின் மகள். அவளும் சளைத்தவள் இல்லை.

"டீச்சர், இது முடியா மக்ரோனியா? உருளையில சுத்தினா நிக்க மாட்டேங்குது, வழுக்கிட்டு ஓடுது."

"உன் தலையில சீப்பை விட்டேன், சீப்புக்கு ரெண்டு பல்லு போச்சு. நீ பேசுறியா?"

அரை மணி நேரத்தில் இருவருக்கும் தலை பார்க்கச் சகிக்கவில்லை. ஒருத்தியைக் காட்டி ஒருத்தி சிரித்ததில் எதிரெதிர்ச் சுவரில் நின்றவர்களும் நடுவுக்கு வந்துவிட்டார்கள். பெரிய ஒற்றுமை எல்லாம் இல்லை. அடுத்தவளின் கோலத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்கிற ஆசைதான்.

கிறிஸ்துமஸுக்குள் ஜோனெலின் கை பழகிவிட்டது. ட்வைலா ஒருநாள் வீட்டுக்குப் போனபோது தலை கோபுரம் மாதிரி நின்றது. அவள் அப்பா கத்தினார். அம்மா அந்தக் கோபுரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். மறு வியாழக்கிழமை, தனக்கும் அதே மாதிரி வேண்டும் என்று வகுப்பின் பின்வாசலில் வந்து நின்றாள்.

அவளைப் பார்த்து அவள் தங்கை வந்தாள், தங்கையைப் பார்த்துத் தபாலாபீஸ்காரி வந்தாள். கடைசியில் லொரெட்டா ஹாஸ்கியூவே வந்துவிட்டாள். ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கிற போர்டின் தலைவர் பியூஃபோர்ட் ஹாஸ்கியூவின் மனைவி. தன் மகளைக் கறுப்பு டீச்சரிடம் படிக்க விடக்கூடாது என்று பருத்திக் கிடங்குக்கு அனுப்பியவள், தன் தலையை மட்டும் நேரே அந்த டீச்சரிடமே கொண்டுவந்தாள்.

"வெர்டெல், பேரெல்லாம் எழுதிக்காத. நான் இங்க வரவே இல்லை, என்ன?"

"நீங்க வரவே இல்லைங்கம்மா. கொஞ்சம் தலையைக் குனியுங்க."

வெர்டெலின் அம்மா அந்த ஹாஸ்கியூ வீட்டுக்குத் துணி துவைத்தவர். அந்த வீட்டின் முன்வாசல் எந்த நிறம் என்றுகூட அவருக்குத் தெரியாது. இப்போது அந்த வீட்டு அம்மாள் குப்பைத் தொட்டிகளைத் தாண்டி, முக்காடு போட்டுக்கொண்டு, தன் பின்வாசல் வழியாக நுழைவதைப் பார்க்க வெர்டெலுக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார்.

சிரிப்பு ஈஸ்டர் வாரத்தில் நின்றது. ஹெட்மாஸ்டர் கிரேன் சங்கடத்தோடு வகுப்புக்கு வந்தார். அவர் வெள்ளைக்காரர், கெட்டவர் இல்லை, கொஞ்சம் பயந்தவர்.

"மிஸஸ் ப்ரூயிட், இந்த வகுப்பை மூடப் போறாங்க. வெளியாளுங்களுக்குத் தலை செஞ்சு பழகினாத்தான் பொண்ணுங்களுக்கு லைசென்ஸ். இங்க வெளியாள் யாரும் வர்றதே இல்லைன்னு போர்டுல சொல்றாங்க. வியாழக்கிழமை ஹாஸ்கியூவே உத்தரவோட வர்றார்."

"வர்றாங்க சார்."

"நான் முன்வாசல் பக்கத்துலதானே உக்காந்திருக்கேன். ஒருத்தரைக்கூடப் பாத்ததில்லையே."

அவர் மனைவியின் தலைக்குப் போன வியாழக்கிழமை ஸ்ப்ரே அடித்தது வெர்டெல்தான். நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்தவர்களைக் காட்டிக்கொடுப்பது அவர் தொழிலில் இல்லை.

ஆனால் வகுப்பை மூடினால் தன் வேலை போகும், அதையாவது தாங்கிக்கொள்ளலாம். ஜோனெலும் ட்வைலாவும் லைசென்ஸ் இல்லாமல் ஒருத்தி வெள்ளைக்காரர் வீட்டு அடுப்படிக்கும் ஒருத்தி மில்லுக்கும் போவார்கள். வியாழக்கிழமை மதியம் வெர்டெல் பின்கதவைச் சாத்தி, துரு ஏறிய தாழ்ப்பாளைச் செருப்பால் தட்டி இறக்கினார். அந்த அம்மாள்கள் கோபித்துக்கொண்டு அப்படியே திரும்பிப் போனால் எல்லாம் முடிந்தது. அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

மழை பிடித்துக்கொண்டது. சிறிது நேரத்தில் கதவு ஆடியது. ஜன்னலைத் திறந்தார். குப்பைத் தொட்டிகளுக்கு நடுவில் முக்காடுகளின் கூட்டம், முன்னால் ஹாஸ்கியூ அம்மாள்.

"வெர்டெல், கதவு ஏன் திறக்கலை?"

"தாழ்ப்பாள் மாட்டிக்கிச்சும்மா. முன்வாசல் திறந்துதான் இருக்கு."

"முன்வாசலா? பள்ளிக்கூடமே பாக்குமே."

"ஆமாம்மா, பாக்கும்."

"ஞாயித்துக்கிழமை ஈஸ்டர், வெர்டெல்."

"தெரியும்மா. தண்ணி சூடா இருக்கு."

ஜன்னலைச் சாத்திவிட்டு வெர்டெல் திரும்பி நின்றார். பெண்கள் சீப்பைக் கீழே வைத்துவிட்டார்கள். வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்கிறதா என்பதிலேயே எல்லார் காதும் இருந்தது. கேட்கவில்லை. கேட்டது பள்ளி மணி.

வகுப்பு மாறுகிற நேரம். நடைக்கூடம் முழுக்கப் பிள்ளைகள். முன்வாசல் வழியே ஹாஸ்கியூ அம்மாள் சொட்டச் சொட்ட நுழைந்தாள், பின்னால் மற்றவர்கள். கறுப்பும் வெள்ளையுமாக இருநூறு பிள்ளைகள் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள். "மாறுவேடப் போட்டியா?" என்று ஒரு பையன் மெதுவாகக் கேட்டான். கிரேன் அறையிலிருந்து ஓடிவந்து, வரிசையில் மூன்றாவது முக்காட்டைப் பார்த்து, "டோரத்தியா?" என்றார். அவர் மனைவி அவரைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

கிரேனின் பின்னால், கையில் உத்தரவோடு, பியூஃபோர்ட் ஹாஸ்கியூ நின்றார்.

"லொரெட்டா, நீ இங்க என்ன பண்றே?"

"ஈஸ்டர் வருது, பியூஃபோர்ட். இந்தத் தலையோட சர்ச்சுக்கு வரச் சொல்றீங்களா?"

"நீ பார்லருக்குப் போறதாத்தானே..."

"அந்தப் பார்லர்காரி சுருட்டிவிட்டா சனிக்கிழமை வரைக்கும் நிக்காது. வழியை விடுங்க, குளிருது."

ஊரையே ஆட்டிவைக்கிற மனிதர் வழியை விட்டார். உத்தரவை நாலாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். அது அப்புறம் வெளியே வரவே இல்லை.

ஜோனெல் துண்டை நீட்டினாள், ட்வைலா நாற்காலியைத் திருப்பினாள். ஹாஸ்கியூ அம்மாள் உட்கார்ந்து, கண்ணாடி வழியாக வெர்டெலை முறைத்தாள்.

"தாழ்ப்பாளை நீதானே போட்டே?"

"ஆமாம்மா, நான்தான்."

"நாங்க எல்லாரும் வீட்டுக்குப் போயிருந்தா?"

"நானும் வீட்டுக்குப் போயிருப்பேன், ஒரேயடியா." வெர்டெல் தண்ணீரின் சூட்டை மணிக்கட்டில் பார்த்தார். "எங்கம்மா உங்க வீட்டுப் பின்வாசல்ல துணி மூட்டையோட எத்தனையோ மழையில நின்னிருக்கு. யாராவது வந்து திறக்கிற வரைக்கும். அதுக்குச் சுத்தி வர்றதுக்கு வேற வாசல் இல்லைம்மா. தலையைச் சாய்ங்க."

ஹாஸ்கியூ அம்மாள் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்தாள். தலையைச் சாய்த்தாள்.

வெர்டெல் டீச்சர் ஓய்வு பெறும்வரை அந்த வகுப்பு நடந்தது, அந்தத் தாழ்ப்பாள் திறக்கவே இல்லை. ஜோனெலும் ட்வைலாவும் லைசென்ஸ் வாங்கி, ஒரே தெருவில் எதிரெதிராகக் கடை போட்டு, ஒருத்தி வாடிக்கையை ஒருத்தி இழுத்துச் சண்டை போட்டார்கள். ஹாஸ்கியூ அம்மாளோ வியாழக்கிழமைதோறும் பள்ளிக்கே வந்தாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் முதலில் பின்வாசலுக்குப் போய், கதவை ஒரு தள்ளு தள்ளிப் பார்ப்பாள்.

உள்ளே கதவு ஒருமுறை ஆடும். வெர்டெல் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பெண்களிடம் சொல்வார்.

"தண்ணி சுட வைங்கடி. அந்தம்மா சுத்தி வர்றாங்க."