கல் பிடித்து நின்ற வண்டி

இதை எழுதலாமா வேண்டாமா என்று இருபத்து மூன்று வருடம் இழுத்தடித்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், மளிகைச் சீட்டுக்கு மேல் நீளமாக எதையும் எழுதியதில்லை என்று ஒரு சாக்கு வைத்திருந்தேன். அது பொய்ச் சாக்கு என்று முருகனுக்குத் தெரியும். இப்போதுகூட இந்த நாலு வரி எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்துவிட்டேன். ஒரு தடவை அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு தடவை வாசல் கதவுக்கு, மூன்றாவது எதற்கென்று எனக்கே தெரியவில்லை. "ஒண்ணு உக்காந்து எழுதுங்க, இல்லாட்டி எந்திரிச்சுப் போங்க. நடுவுல நின்னு உசுரை வாங்காதீங்க" என்கிறாள் வீட்டுக்காரி. உட்கார்ந்துவிட்டேன்.

போன மாதம் மருமகன் களை எடுக்கும் இயந்திரம் ஒன்று பார்க்க வேண்டும் என்று என்னையும் கோயம்புத்தூருக்கு இழுத்துக்கொண்டு போனார். விவசாயக் கருவிகள் கண்காட்சி. வெயில், கூட்டம், கையில் திணிக்கிற நோட்டீசுகள். ஒரு பந்தலுக்குள் நுழைந்ததும் ஒரு வாசம் அடித்தது. கியர் ஆயில் வாசம். எஞ்சின் ஆயிலைவிடச் சற்று இனிப்பாக, அடியில் லேசாகக் கருகினமாதிரி இருக்கும். எனக்கு அந்த வாசத்தில் கை தானாக நெஞ்சுக்குப் போய்விட்டது. மருமகன் பயந்து, "என்னுங்க மாமா, உக்காருறீங்களா?" என்றார்.

இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால் கொடுமுடிக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் நான் ஸ்டோர் பார்த்தேன். போல்ட், பேரிங், பெல்ட், வடிகட்டி எல்லாம் என் அலமாரியில். முதலாளி கரும்புக்காரர்களுக்கு வண்டி வாடகைக்கு விடுபவர். அவர் கொச்சித் துறைமுகத்தில் ஏலத்தில் எடுத்து வந்த வெளிநாட்டு டிராக்டர் ஒன்று எங்களிடம் இருந்தது. யானைக்குட்டி மாதிரி இருக்கும். அதோடு வந்த புத்தகம் என்ன பாஷை என்று கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை. அதை நான் சரஸ்வதி படத்துக்கு அடியில் வைத்துப் பூப் போட்டு வந்தேன். படிக்க முடியாததைக் கும்பிடுவதுதானே நம் வழக்கம்.

அந்த வண்டிக்கு டிரைவர் ஆறுமுகண்ணன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எப்போதும் பட்டை விபூதி, காதோரம் பீடி. சாதாரண டிராக்டரில் கரும்பு பாரத்தோடு வாய்க்கால் கரையில் ஏறினால் பாதி மேட்டில் கியர் குறைக்க வேண்டும். கிளட்சை மிதித்த அந்த நொடி வண்டி பலம் விட்டு நிற்கும், பின்னால் வழுக்கும், பின்னால் வருபவன் சாமியைக் கூப்பிடுவான். இந்த வண்டியில் அது இல்லை. லீவரை ஒரு விரலால் தட்டினால் போதும், இழுத்துக்கொண்டே கியர் மாறும். கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாததால் ஆறுமுகண்ணனின் இடது கால் என்ன செய்வதென்று தெரியாமல் சும்மா ஆடிக்கொண்டிருக்கும்.

"ஏனுங்கண்ணா, எடது காலை ஊட்டுலயே வெச்சுட்டு வந்திருக்கலாமல்லங்க" என்று பட்டறையில் வெல்டிங் வைக்கும் செல்வராசு கேலி பண்ணுவான்.

"அதுக்குச் சம்பளத்தோட லீவு குடுத்திருக்காங்கடா. உனக்கு மூளைக்குக் குடுத்த மாதிரி" என்பார் அவர்.

கண்காட்சிக்கே வருகிறேன். அங்கே எங்கள் பெரிய வண்டியைப் போலவே கிளட்ச் மிதிக்காமல் கியர் மாறும் ஒரு டிராக்டரின் கியர்பாக்ஸைக் குறுக்காக அறுத்து, உள்ளே தெரிகிறமாதிரி விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். சுடிதார் போட்ட ஒரு பெண், என் மகள் வயசு, விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் முன்னால் போய் நின்றேன். எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன், தவறிருந்தால் படித்தவர்கள் பொறுக்க வேண்டும்.

நம் கோயில்களில் நவக்கிரகம் எப்படி? நடுவில் சூரியன், சுற்றிலும் மற்ற கிரகங்கள். அதற்குள்ளும் அப்படியே. நடுவில் ஒரு பல்சக்கரம், அதற்குப் பேரே சூரிய சக்கரம். அதைத் தொட்டுக்கொண்டு மூன்று நாலு சின்னச் சக்கரங்கள், அவை கிரகங்கள். எல்லாவற்றையும் சுற்றி வளைத்து உட்புறம் பல் வைத்த ஒரு பெரிய வளையம். சாதாரண கியரில் ஒரு பல்லை விட்டு இன்னொரு பல்லைப் பிடிக்க வேண்டும், அதற்குத்தான் கிளட்ச். இங்கே எல்லாப் பல்லும் எப்போதும் கோத்தபடியே இருக்கும். எதைப் பிடித்து நிறுத்துகிறோம் என்பதில்தான் வேகம். வளையத்தை நிறுத்தினால் ஒரு வேகம். சூரியனை நிறுத்தினால் வேறு வேகம். இரண்டைச் சேர்த்துக் கட்டிப்போட்டால் மொத்தமும் ஒரே கட்டையாகச் சுற்றும். இப்படி நாலைந்து நவக்கிரகங்களை வரிசையாக வைத்தால் பதினைந்து இருபது கியர்கூட வருமாம்.

"யாரையும் புடிக்கலீன்னா?" என்று கேட்டேன்.

"எல்லாம் சும்மா சுத்தும்ங்க ஐயா. பலம் எங்கயும் போகாது."

"புடிக்கறது எது அம்மணி? லீவரா?"

"லீவர் ஆயிலுக்கு வழி மட்டும்தானுங்க விடும். ஆயில் அழுத்தம்தான் உள்ள இருக்கற தட்டுகளை நெருக்கி அந்தச் சக்கரங்களைப் புடிக்குது. அந்த ஆயில் பம்ப்பை எஞ்சின்தான் சுத்துது."

பக்கத்தில் இருந்தவர் ஏதோ விலை கேட்டார். அவள் பதில் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, கேட்க வேண்டியதைக் கேட்டேன். "அப்ப கியர்ல போட்டுட்டு எஞ்சினை நிறுத்திட்டா வண்டி நிக்குமா, உருளுமா?"

"உருளும்ங்க. எஞ்சின் நின்னா அழுத்தம் போயிரும், கியர் புடிக்காது. அதனாலதான் இதுல பார்க்கிங் பூட்டுத் தனியா இருக்குது. பழைய டிராக்டர் ஓட்டுனவங்க நெறையப் பேரு இதைத்தானுங்க மறந்துபோடறாங்க."

மறந்துபோகவில்லை. எங்களுக்கு அது தெரியவே தெரியாது.

ஆயுத பூஜை அன்று நடந்தது இது. காலையில் ஆறுமுகண்ணன் வண்டியைக் கொண்டுவந்து பட்டறை வாசலுக்கு நேராக நிறுத்தினார். பார்வைக்குச் சமதளம், உண்மையில் வாசலை நோக்கி லேசான இறக்கம். கொச்சியிலிருந்து வண்டி வரும்போதே கைப்பிரேக் ஒயர் அறுந்திருந்தது. கியரும் கல்லும் இருக்கையில் கைப்பிரேக் எதற்கு என்று அதை யாரும் மாற்றவில்லை. எங்கள் பக்கம் எல்லா டிராக்டரும் அப்படித்தான் நிற்கும். கியரில் போடு, எஞ்சினை நிறுத்து, டயருக்கு ஒரு கல் கொடு. அவரும் அப்படியே செய்துவிட்டுக் குளிக்கப் போனார்.

வண்டியைக் கழுவிப் பொட்டு வைப்பது என் பொறுப்பு. சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். பூஜை முடிந்ததும் டிரைவர் ஏறி, பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டியை முன்னால் நகர்த்துவார், திருஷ்டி கழியும். பழம் வைக்கிற இடத்தில் கல் கிடந்தது. சாணியும் சேறும் அப்பின கல், பூஜைக்கு லட்சணமாக இல்லை. கியரில்தானே நிற்கிறது என்று எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டேன். டயர் ஒரு சின்னப் பள்ளத்தில் பதிந்திருந்ததால் வண்டி அசையவில்லை.

செல்வராசு முன்பக்கக் கம்பியில் வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தான். கயிற்றை ஒரு இழுப்பு இழுத்து முடிச்சுப் போட்டான். வண்டி சத்தமே இல்லாமல் கிளம்பியது. ஆள் இல்லாத வண்டி, மாலையும் பொட்டுமாக, பழங்களை நசுக்கிக்கொண்டு போயிற்று. செல்வராசுக்கு நகர நேரமில்லை. வாசல் தூணுக்கும் கம்பிக்கும் நடுவில் அவன் முழங்கால் மாட்டிக்கொண்டது.

நான்தான் முதலில் ஏறினேன். லீவரைப் பார்த்தேன். நாலாவது கியரில் இருந்தது. இதை நான் பார்த்தேன். நியூட்ரலுக்கு இழுத்தால்தான் அந்த வண்டி ஸ்டார்ட் ஆகும். இழுத்தேன், ஸ்டார்ட் பண்ணினேன், பின்னால் எடுத்து அவனை விடுவித்தோம். முட்டி தூளாகியிருந்தது. அதற்கப்புறம் அவன் நேராக நடக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் முதலாளி விசாரித்தார். ஆறுமுகண்ணன் ஈரத் துண்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"கியர்ல போட்டுட்டுத்தானுங்க எறங்குனேன்."

"கியர்ல இருந்தா வண்டி எப்படி ஆறுமுகம் உருளும்? காளைக்கன்னா அது, கட்டை அவுத்துட்டுப் போறதுக்கு?" என்றார் முதலாளி. பிறகு என்னிடம் திரும்பினார். "ஏப்பா, நீதான மொதல்ல ஏறுனவன். லீவர் எதுல இருந்துச்சு?"

கியரில் என்று சொன்னால் அடுத்த கேள்வி கல்லுக்கு வரும். எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். என் வாய் சொன்னது: "கவனிக்கலீங்க. பதட்டத்துல இருந்தனுங்க."

கல் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவே இல்லை. நியூட்ரலில் விட்டுவிட்டுப் போனான் என்பது அவ்வளவு சுலபமான பதிலாக இருந்தது.

மறுநாள் காலை ஆறுமுகண்ணன் அவராகவே மாரியம்மன் கோயிலுக்கு வந்து, தட்டில் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, கியரில்தான் போட்டேன் என்று சத்தியம் பண்ணினார். முதலாளியும் ஊரில் பத்துப் பேரும் நின்றிருந்தார்கள். நானும் நின்றேன். ஒருவரும் நம்பவில்லை. கேவலம் என்னவென்றால் நானும் மெல்ல மெல்ல நம்பாதவனாகிவிட்டேன். கியரில் இருந்த வண்டி உருளாதே, அப்படியானால் நான் லீவரைத் தப்பாகப் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண்ணைவிட வழக்கத்தை நம்புவது சௌகரியமாக இருந்தது. இரண்டு வருடமாக அந்த வண்டியைக் கல்தான் பிடித்திருந்தது, கியர் பிடிப்பதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த மாதமே அவர் ஊரைவிட்டுப் போய்விட்டார். உடுமலைப்பேட்டையில் தேங்காய்க் கிடங்கில் காவல் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். டிரைவர் வேலை எங்கும் கிடைக்கவில்லையாம். பேச்சு அவருக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கும் அல்லவா.

கண்காட்சி முடிந்த நாலாம் நாள் யாரிடமும் சொல்லாமல் உடுமலைக்குப் பஸ் ஏறினேன். உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை. பொள்ளாச்சியில் இறங்கித் திரும்பிவிடலாம் என்று பையை இரண்டு தடவை தூக்கினேன். உடுமலையில் நாலு கிடங்குகளில் விசாரித்த பிறகு வீடு கிடைத்தது. ஓட்டு வீடு. அவர் சம்சாரம் வாசலில் தேங்காய் மட்டை உரித்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. சொன்னதும், "அவரு தவறிப்போயி ஒரு வருசம் ஆகப்போகுதுங்க. உக்காருங்க" என்றார்.

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஆயில், அழுத்தம், லீவர், கல், நான் சொன்ன பொய். அந்தம்மா அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப அவரு கியர்லதான் போட்டிருந்தாருங்களா?"

"ஆமாங்க அக்கா. நானே பாத்தேன்."

அவர் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். "ஊரு சொன்னதுக்கு அவரு வருத்தப்படலீங்க. போகப் போக அவருக்கே சந்தேகம் வந்துபோச்சு. கியர்ல போட்டா உருளாதே, நான்தான் மறந்து எறங்கியிருப்பேன், சாமி முன்னால பொய்ச் சத்தியம் பண்ணிப்போட்டேன்னு. அதுல இருந்து கோயிலுக்குள்ள வந்ததே இல்லீங்க. வருசா வருசம் ஆடிப் பதினெட்டுக்குக் கொடுமுடி போவோம். நாங்க உள்ள போய்க் கும்பிட்டுட்டு வர்ற வரைக்கும் ஆத்துப் படியிலயே உக்காந்திருப்பாரு. விபூதி கொண்டாந்து குடுத்தா வாங்கமாட்டாரு. எனக்கு வேண்டாம்மா, நான் பூசக் கூடாதும்பாரு."

பட்டை விபூதி இல்லாத ஆறுமுகண்ணன் நெற்றியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"போன வருசம் வந்திருந்தீங்கன்னா அவரைக் கோயிலுக்குள்ள கூட்டீட்டுப் போயிருப்பனுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். அவர் வீட்டு மோரைக் குடிக்க எனக்கு என்ன யோக்கியதை என்று பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றியது.

அன்று சாயங்காலமே செல்வராசுக்குப் போன் பண்ணினேன். திருப்பூரில் மகன் வீட்டில் இருக்கிறான். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப இத்தனை வருசமா நான் ஆரை வஞ்சுட்டு இருந்தேன்?" என்றான். என்னைத்தான் வைதிருக்க வேண்டும் என்றேன். போனை வைத்துவிட்டான். அப்புறம் எடுக்கவில்லை.

மறுநாள் கொடுமுடிக்குப் போனேன். ஊரில் நின்று உரக்கச் சொல்லிவிடுவது என்று முடிவு. யாரிடம் சொல்வது? முதலாளி காலமாகிவிட்டார். பட்டறை இருந்த இடம் வீட்டுமனை. மண் அடித்து இறக்கத்தையெல்லாம் நிரவி, மஞ்சள் கல் நட்டிருக்கிறார்கள். அந்தப் பெரிய வண்டி எந்தக் காயலான் கடைக்குப் போயிற்றோ. சத்தியத்தன்று நின்ற பத்துப் பேரில் இருவர்தான் ஊரில் இருக்கிறார்கள். ஒருவருக்குக் காது கேட்கவில்லை. இன்னொருவர், "எந்த ஆறுமுகமுங்க?" என்கிறார். பழி சொன்ன ஊரே கலைந்துபோன பிறகு பழியைத் துடைக்க வந்து நிற்கிறேன்.

ஆற்றங்கரைக் கோயிலுக்குள் போய் அவர் பேருக்கு அர்ச்சனை செய்தேன். நட்சத்திரம் கேட்டார்கள், தெரியவில்லை.

ஆகவே உங்களிடம் சொல்கிறேன். டிராக்டர் ஓட்டுகிறவர்கள் நாலு பேர் கூடுகிற இடத்தில் இதைச் சொல்லுங்கள். ஒன்றைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். முக்கியமாக, கல்லை எடுத்த இடத்திலும் "கவனிக்கலீங்க" என்ற இடத்திலும் எனக்காக இரக்கப்பட்டு வார்த்தையை மாற்றிவிடாதீர்கள். வயதில் சின்னவன், பயந்துவிட்டான் என்றெல்லாம் சேர்க்காதீர்கள். அவர் பேர் ஆறுமுகம். கியரில் போட்டுவிட்டுத்தான் இறங்கினார். அவர் செய்தது மெய்ச் சத்தியம்.