அப்பா ஏறினால் வரும் சத்தம்

புதுக்கார் வீட்டுக்கு வந்த அன்று முற்றத்தில் அம்மா இருந்தாள், ஜெபம் பண்ண வந்த போதகர் இருந்தார், குளத்தூரில் கட்டிக்கொடுத்த அக்கா கைக்குழந்தையோடு வந்திருந்தாள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். அப்பா மட்டும் இல்லை. பாறசாலைச் சந்தைக்கு அரிசி லாரி வருகிறது, இறக்க ஆள் போதாது என்று சொல்லிவிட்டு விடியும் முன்பே போயிருந்தார்.

அப்பா சுமட்டுத் தொழிலாளி. நீலச் சட்டையும் தலைக்கட்டுமாகச் சந்தையில் மூட்டை தூக்கித்தான் எங்கள் இரண்டு பேரையும் வளர்த்தார். கார் எடுக்கப்போகிறேன் என்று நான் சொன்னபோது, "நான் வண்டியில சாமான் ஏத்துகவனாக்கும். ஏறி இருக்கவன் இல்ல" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என்ன நிறம் என்றுகூடக் கேட்கவில்லை.

மறுநாள் காலை பார்த்தால், காரின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு பெரிய மாலை கிடந்தது. செவ்வந்தியும் பிச்சிப்பூவும் வைத்து, சரிகை நாடா சுற்றிய மாலை. அம்மா வாங்கியிருப்பாள் என்று நான் நினைத்தேன். நான் வாங்கியது என்று அம்மா நினைத்தாள். பூ சருகாகும்வரை அது அங்கேயே கிடந்தது. பிறகு நான்தான் இழுத்துப் போட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா கெஞ்சிக் கூத்தாடி அப்பாவை முன் இருக்கையில் ஏற்றினாள். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, முழங்கால்மேல் இரண்டு கை, யாரோ வீட்டு விருந்துக்கு வந்தவர்போல இருந்தார். கொல்லயில் ஊரைத் தாண்டுவதற்குள் முன்பக்கத்திலிருந்து ஒரு சத்தம். டக்குடக்குடக்கு என்று, ஓலைப்பெட்டிக்குள் ஓணான் அகப்பட்டதுபோல.

"எனக்க முட்டுக்க கிட்டயாக்கும் கேக்குது" என்று அப்பா காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை நான் தனியாக ஓட்டிப் பார்த்தேன். சத்தம் இல்லை. அம்மாவை வைத்து ஓட்டினேன். இல்லை. அடுத்த சனிக்கிழமை மீன் வாங்க அப்பாவையும் கூட்டிக்கொண்டு பூவாருக்குப் போனோம். போகும்போதும் டக்குடக்கு, வரும்போதும் டக்குடக்கு.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். எந்தப் பொருளுக்கும் ஒரு புத்தகம் இருக்கும், அதை முழுதும் படித்தால் விஷயம் பிடிபட்டுவிடும் என்று நம்புகிறவன். காரோடு கொடுத்த புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். ஆள் பார்த்துச் சத்தம் போடும் எஞ்சினைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

நெய்யாற்றின்கரைப் பக்கம் உள்ள சர்வீஸ் சென்டருக்குப் போனேன். மெக்கானிக் என் வயதுக்காரன், மலையாளி. சத்தம் கேட்க வேண்டுமென்று எல்லாக் கண்ணாடியையும் தாழ்த்திவிட்டு ஓட்டிப் பார்த்தான். ஒரு சத்தமும் இல்லை.

"சேட்டா, வண்டி பக்காயாணு. எப்பழா சௌண்டு?"

"அப்பா ஏறும்போ."

பக்கத்தில் டயர் கழற்றிக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். "எந்நா அச்சனெக்கூடி கொண்டு வா" என்று, அப்பாவையும் கூட்டிவரச் சொல்லி அனுப்பிவிட்டான்.

அப்பாவைக் கூப்பிட்டேன். "நோய் வண்டிக்கில்லியா? ஆஸ்பத்திரிக்கு என்னைய எதுக்குக் கொண்டு போற?" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அக்கா குழந்தையின் ஞானஸ்நானப் பேச்சு வந்தபோது வேடிக்கை போய்விட்டது.

"நீங்க கார்ல போங்க. நான் பஸ்ஸில வாறேன்."

"குளத்தூருக்குப் பஸ்ஸிலயா?" என்றாள் அம்மா. "ஒத்த மகளுக்க பிள்ளைக்கு ஞானஸ்நானம். தாத்தா மட்டும் தனியா வந்து எறங்கணுமோ? அவளுக்க மாமியார் என்ன சொல்லுவா?"

"கடன் எடுத்து வாங்கின வண்டியாக்கும். அவன் எத்தற வருஷம் அடைக்கணும்! எனக்க பாரம் அதுக்குத் தாங்கல்ல. இருக்குகதக் கெடுக்காண்டாம்."

அக்கா போனில் அழாத குறை. "அப்பா கார்ல வந்து எறங்கல்லேண்ணா நான் பிள்ளைய சர்ச்சுக்கே கொண்டு வரமாட்டேன், பாத்துக்கோ" என்று என்னிடம் சொன்னாள். அது அவளுக்குச் சொல்லத் தெரிந்த ஒரே மிரட்டல். எனக்கோ, அப்பா ஏறாத காரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஆகிவிட்டது. அவர் ஏறத்தானே வாங்கினேன்.

ஞானஸ்நானத்துக்கு இரண்டு நாள் முன்பு ஒரு யோசனை சொன்னேன். அப்பாவின் எடைக்குச் சரியாக மூட்டை வைத்து ஓட்டிப் பார்ப்போம். சத்தம் வந்தால் குற்றம் பாரத்தில். இதைச் சொன்னதும் அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. மூட்டை அவருடைய இலாகா அல்லவா. முக்குக் கடையிலிருந்து ஒரு முழு மூட்டையும் ஒரு அரை மூட்டையும் அரிசி கேட்டு வாங்கி, தானே தலையில் சுமந்து வந்து, தான் இருக்கும் இடத்தில் தானே அடுக்கினார். "இதாக்கும் நான்" என்று மேல்மூட்டையைத் தட்டினார். பெல்ட்டும் போட்டுவிட்டார்.

"முக்கியமானது மறந்துட்டீங்க" என்றாள் அம்மா. "மூடைக்கு ஒரு வெள்ளச் சட்ட போட்டு விடுங்க."

கால்வாய்க் கரை வரை போய்த் திரும்பினேன். சத்தம் இல்லை. வாசலில் காத்து நின்ற அப்பா, "கேட்டுதா?" என்றார்.

"இல்லப்பா."

தலையை ஆட்டினார். "செரி. அப்போ பாரமில்ல. ஆளுதான்."

"இன்னும் ஒருக்கா ஏறுங்கப்பா, கடைசியா" என்றேன். மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு ஏறினார். கண்ணாடியை ஏற்றிக் காரை எடுத்தேன். வாசல் தாண்டவில்லை, டக்குடக்குடக்கு. அப்பா காலை உள்ளே இழுத்தார்.

அம்மா ஓடிவந்து கண்ணாடியில் தட்டினாள். "எலே மக்கா, நில்லு. மூட இருந்தப்போ கண்ணாடி தாந்துல்லா கிடந்தது? இப்ப எதுக்கு ஏத்துன?"

"அப்பாவுக்கு வேர்க்குமில்லியா. ஏசி போட்டேன்."

"மூடைக்கு வேர்க்காதோ?"

ஏசி போட்டால் பெட்ரோல் குடிக்கும் என்று எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பொத்தானைத் தொடுவதில்லை. அம்மா ஏறினால் கூடத் தொடமாட்டேன், அவளே திட்டுவாள். அப்பா ஏறும்போது மட்டும், அவர் அறியாமல் போட்டுவிடுவேன். ஏசியை நிறுத்தினேன். சத்தம் நின்றது. போட்டேன். டக்குடக்கு. இன்னொரு முறை நிறுத்திப் போட்டேன். அப்பா தன் முழங்காலுக்கு நேரே இருந்த பெட்டியைக் குனிந்து பார்த்தார்.

"அப்போ நானில்ல" என்றார்.

"நீங்க இல்ல" என்றாள் அம்மா. "காத்தாக்கும்."

அன்றே சர்வீஸ் சென்டருக்குப் போனோம். இந்தமுறை அப்பாவும் வந்தார். "அச்சன் வந்நல்லோ!" என்று மெக்கானிக் சிரித்தான். இடதுபக்கப் பெட்டியைக் கழற்றி, அதன் பின்னால் காற்று ஊதும் விசிறியை வெளியே எடுத்தான். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. விசிறியின் இதழ்களில் ஒரு முழ நீளத்துக்குச் சரிகை நாடா சுற்றிக் கிடந்தது. நாடாவின் நுனியில் காய்ந்து கறுத்த இரண்டு செவ்வந்தி. முன்கண்ணாடிக்குக் கீழே காற்று போகும் இடைவெளி உண்டு. மாலையை நான் இழுத்தபோது நார் அறுந்து, நாடா அதன் வழியாக உள்ளே விழுந்திருக்கிறது.

அப்பா ரோட்டில் போகும் லாரியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அந்த மாலை நீங்களா போட்டது?"

"வேற ஆரு போடுவா? புதுவண்டி மொட்டயா நிக்குது. ஒருத்தனுக்கும் தோணல்ல."

விடியும் முன்பே போன மனுஷன். கார் வந்த அன்று சந்தையிலிருந்து வரும்போது வாங்கி, ஒளித்து வைத்து, மறுநாள் இருட்டோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

மாலைக்கு வாரண்டி கிடையாது என்று மெக்கானிக் கையை விரித்தான். கூலி கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை குளத்தூருக்கு அப்பா முன் இருக்கையில் வந்தார். கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு. கொல்லயில் தாண்டும்வரை குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒன்றும் கேட்கவில்லை என்றதும் மெல்லக் காலை நீட்டினார்.

"அந்த மெக்கானிக்கு எத்தற வாங்கினான்?"

"நானூத்தம்பது."

"மாலைக்கு நூத்தியிருபது. அதையும் கூட்டு."

கூட்டினேன். ஐந்நூற்று எழுபது ரூபாய்.