'காலி' என்று ஒரு சீட்டு

டெல்லி ஆர்.கே.புரத்தில், எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கத்து அறை ஒன்றில், ஞாயிறுதோறும் நாங்கள் நாலைந்து பேர் கூடுவோம். தானமாக வரும் பழைய கம்ப்யூட்டர்களைச் சரிசெய்து, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். வாரமெல்லாம் ஆபீஸ் ஃபைல், ஞாயிறு இந்தத் தூசி.

பழைய சொந்தக்காரரின் விவரங்களை அழித்ததும் 'காலி' என்று சீட்டு ஒட்டுவது என் வழக்கம். போன மாதம், அந்தச் சீட்டு இருந்த ஒரு லேப்டாப்பைத் திறந்துகூடப் பார்க்கத் தெம்பில்லாமல், தையல் வேலை செய்யும் ஓர் அம்மாவிடம் சார்ஜரோடு கொடுத்துவிட்டேன்.

மறுநாளே போன் வந்தது.

"அண்ணா, இதுல யாரோடயோ ஆதார், பேங்க் பேப்பர், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எல்லாம் இருக்கே! பொண்ணு பயந்து மூடி வெச்சிட்டா."

பதறிப்போய் பஸ் பிடித்து ஓடினேன். சீட்டில் இருந்தது என் கையெழுத்தே இல்லை. ஞாயிறுகளில் எங்களோடு வேலை செய்யும் சரசு எழுதியது. உடனே அவருக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"பேட்டரி காலி சார். ஜல்தியில 'காலி'ன்னு மட்டும் எழுதிட்டேன்" என்றார்.

கோபப்படவும் தெம்பில்லை. பார்க்காமல் கொடுத்தது நான்தானே? அந்த அம்மா நல்லவராக இருந்ததால் தப்பித்தோம்.

இப்போது, 'விவரம் எல்லாம் அழித்தாயிற்று' என்று முழுதாக எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். கொடுக்குமுன் இன்னொருவர் திறந்து பார்க்கிறார். 'காலி' என்று எந்த மெஷினிலும் எழுதுவதில்லை.

சாயங்காலம் அறையைப் பூட்டும்போது மட்டும் சரசு சொல்வார்: "சார், நான் காலி."

"நானும்தாம்மா" என்பேன்.