அப்பா கேட்ட கப்பல்

குனோங் ராபாட் ஊரில் எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்ததும் அப்பா கேட்பார்: "கப்பல் வந்துருச்சா?"

நூறை நெருங்கிய மனிதர். மலாய் நாட்டு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். நினைவு மங்கிய பிறகு மிச்சமிருந்தது இந்தக் கேள்விதான். தோட்டத்து ஆட்களுக்குக் கப்பல் என்றால் நாகப்பட்டினம் போகும் கப்பல்தான். பாவம், ஊர் ஞாபகம் வந்துவிட்டது என்று நானும் தம்பியும் முடிவுகட்டிவிட்டோம்.

"வந்துருச்சுப்பா. தூங்கி எழுந்ததும் ஏறலாம்" என்பேன், அவர் நிம்மதியாகக் கண்மூட வேண்டுமே என்று. அவரோ எழுந்து தடவித் தடவி ஒவ்வொரு விளக்காக அணைப்பார். சுவரோரம் குந்தி வாயைப் பொத்திக்கொள்வார். ஜன்னலில் சுண்ணாம்பு மலை கறுத்து நிற்கும். அந்த இருட்டில் அவர் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காது. ஊருக்குப் போகிறவருக்கு ஏன் இத்தனை பயம்?  மறுநாளும் அதே பதிலைத்தான் சொல்வேன்.

போன வருடம் கடலோர ஊரான லுமுட்டிலிருந்து ஒரு சீனப் பெரியவர் விசாரித்துக்கொண்டு வந்தார். கையில் அப்பாவின் இளவயதுப் படம். பக்கத்தில் நின்றது அந்தப் பெரியவரின் தகப்பனார், மீனவர். ஜப்பான்காரன் காலத்தில், அப்போது வேலை பார்த்த கடலோரத் தென்னந்தோட்டத்திலிருந்து எதிரிக் கப்பல்களை வேவு பார்த்து அப்பா சொல்வாராம். மீனவர் அதை வெள்ளைக்காரனின் கடற்படை உளவுப் பிரிவுக்குச் சேர்ப்பாராம்.

நான் சிரித்தேன். எங்களைக் கடற்கரைக்கே கூட்டிப்போகாத மனிதராவது, உளவாவது.

பெரியவர் சிரிக்கவில்லை. அப்பாவுக்கும் மீனவருக்கும் பொதுவாக இருந்த மொழி மலாய்தான் என்றார். மலாயிலும் கப்பலுக்குக் கப்பல் என்றுதான் பெயர். ஜப்பான் ரோந்துப் படகு நெருங்கினால் அந்த ஒரு சொல்தான் எச்சரிக்கை. உடனே விளக்கை அணைத்து ஒளிய வேண்டும். அணைக்கத் தாமதித்த கூட்டாளியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவே இல்லை.

 ஆறுதல் என்று நினைத்து, நாள் தவறாமல் ஜப்பான்காரனை வீட்டுக்குள் கூட்டி வந்திருக்கிறேன்.

அன்று மாலை அவர் கேட்டதும், "போயிருச்சுப்பா. எல்லாரும் போயிட்டாங்க. இனிமே வரமாட்டாங்க" என்றேன்.

அப்பா விளக்கை அணைக்கவில்லை. என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். அந்த வயதில் அவ்வளவு பலம் இருக்கக் கூடாது.

"ஒனக்கு எப்படித் தெரியும்? ஒன்ன யாரு அனுப்புனா?"

"நான் ஒங்க மகப்பா."

"எனக்குப் புள்ளைங்களே கெடையாது" என்றார், பிடிபட்டவர் பதில் சொல்வதுபோல.

கை வலித்தது, நான் அழுதேன். அப்பா எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை.