வெற்றிடத்தைத் தாண்டிய சூத்திரம்

கடுகு என்றுதான் அலுவலகத்தில் அவளைக் கூப்பிட்டார்கள். ஆள் சிறியவள், சூடு பட்டால் வெடிப்பாள். அந்தப் பெயருக்காக அவள் யாரிடமும் சண்டைக்குப் போனதில்லை. அவளுக்குக் கோபம் வர வேறு விஷயங்கள் போதுமான அளவு இருந்தன: பாதியில் நிற்கிற லிஃப்ட், கழுவாமல் வைக்கிற காபிக் கோப்பை, "பாத்துக்கலாம்" என்கிற பேச்சு. "இவ பொறந்தப்ப அழல, எங்களத் திட்டினா" என்று அம்மா வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் புரோகிராம் எழுதும் வேலை. கீழ்த்தளத்தில் இயந்திரங்கள். மாடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை, அதில் மூன்று மேசைகள். இயந்திரம் ஒவ்வொரு பரிசோதனையையும் ஒரு ஃபைலில் ஒரு வரியாக எழுதும். மாதிரி எண், பரிசோதனையின் பெயர், முடிவு, அதன் அலகு, கடைசியில் குறிப்பு. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நெட்டுக்கோடு. அந்த வரியைக் கோடு கோடாக வெட்டி, மூன்றாவது துண்டை எடுத்து நோயாளியின் ரிப்போர்ட்டில் போடுகிற புரோகிராமை அவள்தான் எழுதியிருந்தாள். மூன்றாவது துண்டு காலியாக இருந்தால் ரிப்போர்ட் வெளியே போகாது. அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. யார் படித்தாலும் புரியும், அவ்வளவுதான்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் புதிதாக வந்த டீம் லீடர் சிரித்தார். எதையும் ஒரே வரியில் முடிப்பதில் அவருக்கு அலாதிப் பிரியம். அதனால் அவருக்கு ஒத்தவரி என்று பெயர் வைத்ததும் கடுகுதான்.

"இதுக்கு எதுக்கும்மா இத்தன வரி? ஒரு ரெஜெக்ஸ் போட்டா முடிஞ்சுது."

ரெஜெக்ஸ் என்பது எழுத்துகள் இப்படி இப்படி வரும் என்று வடிவத்தைச் சொல்லித் தேடுகிற சூத்திரம். புள்ளியும் நட்சத்திரமும் அடைப்புக்குறியுமாக, மையில் கால் வைத்த எறும்பு தாளில் நடந்ததுபோல இருக்கும்.

"சார், வெட்ட வேண்டிய எடத்துல மெஷினே கோடு போட்டுக் குடுக்குது. அப்புறம் எதுக்குத் தேடணும்?"

"நாளைக்கு வேற மெஷின் வரும். அதுக்கும் இதே வரி ஓடும். கொஞ்சம் பெருசா யோசிம்மா."

அவள் பெரிதாகவே யோசித்து, பலமாகவே சண்டை போட்டாள். கூடத்தின் உரிமையாளரான டாக்டரம்மா, "அவர் அனுபவஸ்தர், விடு" என்றார். பழைய புரோகிராம் போய்ச் சூத்திரம் வந்தது. வேகமாகத்தான் ஓடியது. ஒத்தவரி அதைக் கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் கோப்பையைக் கழுவப் போய்விட்டாள்.

அவளுடைய அக்காவுக்குச் சிறுநீரகக் கோளாறு. உடம்பில் பொட்டாசியம் ஏறிவிட்டால் இதயத்துக்கே ஆபத்து என்பதால் அடிக்கடி ரத்தம் கொடுப்பாள், தங்கை வேலை செய்யும் அதே கூடத்தில். அன்று காலையும் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மதியம் கீழ்த்தளத்து டெக்னீஷியன் மாடிக்கு வந்து கதவோரம் நின்றாள்.

"கடுகு, உங்க அக்கா சாம்பிள் உறைஞ்சு போச்சு. மெஷின் எடுக்கல. திரும்ப வரச் சொல்றியா?"

அவள் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"எதுக்குடி வரணும்? ரிப்போர்ட் அப்பவே வந்துடுச்சே. பொட்டாசியம் நாலு புள்ளி ரெண்டு. நல்லாத்தான் இருக்கு."

"உறைஞ்ச ரத்தத்துல எப்படிக்கா நாலு புள்ளி ரெண்டு வரும்?"

"அது எனக்கென்ன தெரியும், நீங்கதான அனுப்பினீங்க? காலையிலேர்ந்து காலு துவண்டு துவண்டு போகுது. ரிப்போர்ட் பாத்ததும் ஒண்ணுமில்லன்னு படுத்துட்டேன்."

பொட்டாசியம் ஏறினாலும் கால் துவளும் என்று கடுகுக்குத் தெரியும். "எழுந்திரு. அத்தான கூட்டிக்கிட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ. எங்கிட்ட அப்புறம் பேசு."

போனை வைத்ததும் இயந்திரத்தின் ஃபைலில் அக்காவின் வரியைத் தேடி எடுத்தாள். முடிவு இருக்க வேண்டிய இடம் காலி. இயந்திரம் ஒழுங்காகத்தான் விட்டிருந்தது. குறிப்பில் "மாதிரி பயனற்றது, முந்தைய முடிவு 4.2" என்று இருந்தது. பொட்டாசியம் என்ற பெயருக்குப் பின்னால் எங்கே எண் கிடைத்தாலும் எடுத்துக்கொள் என்று எழுதப்பட்ட சூத்திரம், காலி இடத்தைத் தாண்டிப் போய்ப் போன தடவையின் எண்ணைக் கவ்விக்கொண்டு வந்திருந்தது.

ஒத்தவரி திரையைப் பார்த்தார். "ஓ. சூத்திரத்துல ஒரு கேள்விக்குறி சேத்தா சரியாயிடும். ரெண்டு நிமிஷ வேல."

"எங்க அக்கா உயிரும் ரெண்டு நிமிஷ வேலயா சார்?"

"இதுல பர்சனலா எடுத்துக்க ஒண்ணுமில்ல."

அவளுக்குள் என்னவோ அறுந்தது. அவருடைய கீபோர்டைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "கைய எடுங்க. இதே மாதிரி இன்னும் எத்தன பேருக்குப் போயிருக்குன்னு தெரியாம இத நீங்க தொடக் கூடாது." சத்தம் கீழ்த்தளம் வரை கேட்டதாகப் பிறகு டெக்னீஷியன் சொன்னாள்.

டாக்டரம்மா வந்தார். கதவைச் சாத்தினார். "இயந்திரக் கோளாறுன்னு ஒரு மெசேஜ் அனுப்பிடலாம்" என்று ஒத்தவரி மெதுவாகச் சொன்னார். டாக்டரம்மா மறுக்காமல் யோசித்தது, சூத்திரத்தைவிட அதிகமாக அவளை எரித்தது.

"மெஷின் உண்மையத்தான்மா எழுதிச்சு. நாமதான் பொய் அனுப்பினோம். ஒவ்வொருத்தருக்கும் போன் போடணும். நீங்க போடலன்னா நான் போடுவேன், உங்க பேரச் சொல்லியே போடுவேன்."

டாக்டரம்மா தானே போனை எடுத்தார். தப்பு ரிப்போர்ட் போனவர்களை ஃபைல்களில் தேடி எடுத்து, மாலைவரை மாற்றி மாற்றிப் பேசினார்கள். சிலர் திட்டினார்கள். கடுகு வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டாள். அவர்கள் இடத்தில் இருந்தால் அவளும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

அக்காவுக்குப் பொட்டாசியம் மிக அதிகமாக இருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்த மருத்துவர் அத்தானின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாராம். அக்கா பிழைத்து வீடு வந்தாள்.

கூடத்தில் பழைய புரோகிராம் திரும்பியது. அதோடு ஓர் உத்தரவும் வந்தது: இனி யாரும் எந்த இடத்திலும் ரெஜெக்ஸ் எழுதக் கூடாது. கடுகு ஜெயித்துவிட்டாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அடுத்து அவளுக்கு வந்த வேலை, வெளி மருத்துவர்கள் தட்டச்சு செய்து அனுப்பும் பரிந்துரைகளிலிருந்து நோயாளியின் வயதையும் தேதியையும் எடுப்பது. ஒருவர் தேதிக்கு நடுவே புள்ளி வைப்பார், இன்னொருவர் சாய்கோடு; வயதை ஒருவர் முன்னால் எழுதுவார், ஒருவர் பின்னால், ஒருவர் பெயரோடு ஒட்டியே. பழைய முறையில் வெட்டிப் பார்த்தாள். ஒன்றுக்குச் சரியானால் மற்றது கெட்டது. 'இப்படி இருந்தால்', 'அப்படி இருந்தால்' என்று அடுக்கி அடுக்கிப் புரோகிராம் அவளுக்கே புரியாத காடாகிவிட்டது. மறுபடியும் டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள்.

"இதுக்கு ரெஜெக்ஸ்தான் வேணும்."

"நீதான அன்னிக்கு அந்தக் கத்து கத்தின?"

"அந்த ஃபைல்ல கோடு இருந்துச்சு, கத்தினேன். இதுல மனுஷங்க இஷ்டத்துக்கு எழுதியிருக்காங்க, இங்க வெட்டுறதுக்கு என்ன இருக்கு? ஃபைலப் பாக்காமலே ஒருத்தர் எல்லாத்துக்கும் போடுன்னாரு. நீங்க எதுக்கும் போடாதன்னு சொல்றீங்க. ரெண்டும் ஒரே சோம்பேறித்தனம்தான்."

டாக்டரம்மாவை யாரும் சோம்பேறி என்று சொன்னதில்லை. முகம் சிவந்தது. ஆனாலும் உத்தரவைத் திரும்பப் பெற்றார். கடுகு சின்னச் சின்னச் சூத்திரங்களாக எழுதினாள்; ஒவ்வொன்றுக்கும் மேலே அது எதைப் பிடிக்கும், எதை விட வேண்டும் என்று நல்ல தமிழில் குறித்தாள். பிடிபடாத பரிந்துரை தானாகப் போகாமல் ஒரு மனிதரின் பார்வைக்குப் போகும்படி செய்தாள்.

ஒத்தவரி சில மாதங்களில் இதைவிடப் பெரிய நிறுவனத்துக்குப் போனார். டாக்டரம்மா நல்லபடியாகவே சான்றிதழ் கொடுத்தார். வழியனுப்பும் நாளில் கேக் வெட்டினார்கள். அவர் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு கடுகின் மேசைக்கு வந்தார். "மனசுல வச்சுக்காதம்மா."

"எங்க அக்காகிட்ட ஒரு தடவ பேசியிருக்கலாம் சார். போன் நம்பர் ரிப்போர்ட்லயே இருந்துச்சு."

அவர் தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார். கேக்கை அவள் தொடவில்லை. சாயங்காலம் அக்கா வீட்டில் இதைச் சொன்னபோது அக்கா சிரித்தாள்.

"இன்னுமா உனக்குக் கோவம் போகல?"

"போகலக்கா."

"சரி, கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்."