ஃபிட்டர் முனிராஜ் தேடிய கொத்தூர்

கிருஷ்ணகிரியில் நில அளவை ஆபீஸ் மேப் செக்‌ஷனில் மேப் வரையும் டிராப்ட்ஸ்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவள் நான். பொம்பளைக்கு என்ன டிராப்ட்ஸ்மேன் என்று கேட்காதீர்கள். சம்பளப் பட்டியலில் அப்படித்தான் போடுவார்கள்.

1. எந்தக் கொத்தூர்?

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் ஒருநாள், ஓசூர்க் கம்பெனி ஃபிட்டர் முனிராஜ் ஷிப்ட் முடிந்த கையோடு யூனிஃபார்மிலேயே வந்து நின்றார்.

"மேடம், எங்க பாட்டன் காலத்துல பிளேக் வந்து ஊரையே காலி பண்ணிட்டாங்க. ஊரு பேரு கொத்தூரு. குலசாமி முனியப்பன் அங்கதான் இருக்குது. எனக்கு ரெண்டு கொழந்தை பொறந்து தங்கல. வீட்ல மறுபடி மாசமா இருக்காங்க. சாமிய உட்டுட்டு வந்த குத்தம்னு அம்மா அழுவுது. சாவறதுக்குள்ள அங்க ஒரு பொங்கல் வெக்கணுமாம்."

இந்தப் பக்கம் தடுக்கி விழுந்தால் ஒரு கொத்தூர். முனிராஜ் வீட்டார் பேரிகைப் பக்கத்துக் கொத்தூருக்குப் போய், "இது உங்க சாமி இல்லீங்க" என்று ஊர்க்காரர்கள் சொல்லி, பொங்கல் பானையோடு திரும்பியிருக்கிறார்கள்.

"அடையாளம் ஏதாவது உண்டா?"

"கெழக்கால ஏரி, மேக்கால கரடு. அவ்ளோதாங்க."

2. டிரேசிங்

பழைய சென்சஸ் மேப்புகளை விரித்தேன். ஜனங்கள் காலி செய்துவிட்டுப் போன ஊருக்கும் அதில் பெயர் இருக்கும். வீடுகளைக் காட்டும் புள்ளி மட்டும் இருக்காது. ஏரிக்கும் கரட்டுக் குன்றுக்கும் நடுவில் அப்படி ஒரு கொத்தூர் அகப்பட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஸ்கேலைச் சரிசெய்து டிரேசிங் ஷீட்டில் படியெடுத்து, புது மேப்பின் மேல் வைத்தேன். ஏரிக்கரை பொருந்தியது. கரடும் பொருந்தியது. ஊர் இருந்த இடத்தில் தொழிற்பேட்டை.

முனிராஜ் ரோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்து நிறுத்தினார்.

"இது எங்க கம்பெனிங்க. நான் வேலை செய்யற ஷெட்டு."

விரலை எடுத்துவிட்டுத் தன் காலைக் குனிந்து பார்த்தார்.

"தெனமும் ஷூ காலோட சாமி மேல நின்னுருக்கேன் மேடம். இத அம்மாகிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

3. மெமோ

அடுத்த வருஷம் முனிராஜைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஊர் கிடைக்கவில்லை என்றே அம்மாவிடம் சொன்னாராம். தேடுவதை விட்டுவிடாதே என்று சொல்லிவிட்டு அந்தம்மாள் கண்ணை மூடிவிட்டார்.

"கொழந்தை?"

"பொறந்திருக்குதுங்க. ராத்திரில மூச்சு வருதான்னு பாத்துப் பாத்து வளக்கறோம். ஷெட்டுல சேஃப்டி ஷூவக் கழட்டிட்டுத்தான் நிக்கறேன். ரெண்டு மெமோ வந்துட்டுது. இன்னொண்ணு வந்தா வேலை போயிரும்."

ஷூவைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் பஸ் ஏறினார். போட்டுக்கொள்ள மாட்டார் என்று தெரிந்தது.

மேப் செக்‌ஷனுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, மேப் கேட்டு வருகிறவரிடம் ஊர்ப் பெயர், அடையாளமெல்லாம் கேட்பீர்கள். ஊர் கிடைத்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டுவிட்டு டிரேசிங் ஷீட்டைத் தொடுங்கள்.