ஒளி மாட்யூலுக்கு வைத்த பொட்டு

அந்தப் போர்டு விஷயத்தில் தப்பு என்னுடையது. இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

காரைக்காலில் ஒரு பொறியியல் கல்லூரியில் அப்போது விரிவுரையாளராக இருந்தேன். இரண்டாயிரம் பிறந்து எட்டு வருஷம் ஆகியிருக்கும். எங்கள் லேபில் இரண்டு போர்டு செய்தோம். ஒவ்வொன்றிலும் ஒரு எஃப்.பி.ஜி.ஏ. சிப். வாங்கி வரும்போது அதற்கு ஒரு எழவும் தெரியாது. என்ன செய்யவேண்டும் என்று நாம் எழுதி ஏற்றினால் அதைச் செய்யும். பக்கத்திலேயே கட்டைவிரல் நீளத்தில் ஓர் ஒளி மாட்யூல். சிப் கொடுக்கும் மின்துடிப்பை வெளிச்சமாக்கி, ஃபைபர் வழியாக அடுத்த போர்டுக்கு அனுப்பும். அங்கே இருக்கும் மாட்யூல் வெளிச்சத்தைத் திரும்ப மின்துடிப்பாக்கி அந்தச் சிப்பிடம் கொடுக்கும். எல்லாம் சரியென்றால் இரண்டு பக்கமும் பச்சை விளக்கு எரியும். அவ்வளவுதான். இந்த அவ்வளவுதானுக்கு ஏழு மாசம் பிடித்தது.

அதில் பாதிக்கு மேல் லேப் உதவியாளர் பெண்ணின் உழைப்பு. திருவேட்டக்குடிக்காரப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர். பாலிடெக்னிக் முடித்துவிட்டு மூன்று வருஷமாக எங்களிடம் தற்காலிக வேலை. ஆயுத பூஜை முடிந்து வரும் திங்கட்கிழமை ஒரு கமிட்டி வருவதாக இருந்தது. லேபைப் பார்த்துவிட்டு அவளை நிரந்தரமாக்கலாமா வேண்டாமா என்று அவர்கள்தான் சொல்லவேண்டும். அவள் கைவேலை என்று காட்டுவதற்கு இருந்தது இந்த இரண்டு போர்டும்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வெளிச்சத்தை அணைக்கச் சொல்லும் கட்டளைக்கென்று அந்த மாட்யூலில் ஒரு கால் உண்டு. அதை எதிலும் இணைக்காமல் விட்டால் 'அணை' என்றுதான் மாட்யூல் எடுத்துக்கொள்ளும். நான் சர்க்யூட் படம் போட்டபோது அந்தக் காலை அந்தரத்தில் விட்டுவிட்டேன். போர்டு அச்சாகி சென்னையிலிருந்து வந்த பிறகுதான் தெரிந்தது. தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் முடி மாதிரி ஒரு ஒயரை எடுத்து, அந்தக் காலிலிருந்து கிரவுண்டுக்கு ஈயம் உருக்கி சால்டர் வைத்தாள். இரண்டு போர்டிலும். "இப்ப போட்டுப் பாருங்க சார்" என்றாள். பச்சை எரிந்தது.

பூஜையன்று லேபில் ஒரு சாமான் பாக்கியில்லாமல் பொட்டு வைக்கவேண்டும் என்பது துறைத் தலைவர் உத்தரவு. ஃபைபரைக் கழற்றி, மாட்யூலின் வாயை ரப்பர் மூடியால் அடைத்து, போர்டுகளைச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்திருந்தோம். "என் போர்டுல யாரும் கை வைக்கக் கூடாது" என்று கத்தினேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேல்தான். "அப்ப நீங்களே வைங்க" என்றார் தலைவர். கடுப்பில் கை நிறைய சந்தனத்தை எடுத்து அந்த ரப்பர் மூடியின்மேலேயே ஒரு அப்பு அப்பினேன். அதன்மேல் குங்குமம். "போதுங்களா?" என்று கேட்டுவிட்டு சுண்டல் வாங்கச் சென்றேன்.

மறுநாள் விஜயதசமி. லீவுதான், ஆனாலும் கருவியை எடுத்துத் தொடாமல் விடக்கூடாது. அவளும் பஸ் பிடித்து வந்திருந்தாள். நான் மூடியில் கை வைத்தேன்.

"சார், தட்டிட்டுக் கழட்டுங்க. எங்க போட்ல டீசல் மூடிக்குப் பொட்டு வச்சா, தட்டி உதுத்துட்டுத்தான் தொறப்போம். காஞ்ச சந்தனம் உள்ள விழுந்துடும்."

"இது டீசல் இன்ஜின் இல்லம்மா. உன் சால்டரிங்க மட்டும் நீ பாரு."

நான் மூடியைப் பிடுங்கி, ஃபைபரைச் செருகி, சுவிட்சைப் போட்டேன். பச்சை எரியவில்லை. எதிர்ப்பக்கம் வெளிச்சமே வந்து சேரவில்லை என்று சிப் சொல்லிற்று.

மாட்யூல் வெளிச்சம் அனுப்பவில்லை என்றால் அந்தக் கால் விட்டுப்போயிருக்கிறது. கால் விட்டுப்போயிருந்தால் சால்டர் சரியில்லை. என் கணக்கு அப்படித்தான் ஓடியது. "என்ன சால்டர் வச்சே நீ?" என்று எரிந்து விழுந்தேன். அவள் மீட்டரை எடுத்து அந்த ஒயரின் இரண்டு முனையிலும் வைத்தாள். "பீப்னு கத்துது பாருங்க சார், விடவே இல்ல" என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. திரும்பச் சூடு பண்ணச் சொன்னேன். பண்ணினாள். எரியவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். அப்போது அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன், பார்த்தும் விடவில்லை.

சாயங்காலம் தலைவருக்குப் போன் செய்து சால்டரிங் கோளாறு என்று சொன்னேன். அவர் கமிட்டிக்கு வைக்கும் குறிப்பில் 'உதவியாளரின் கைவேலையில் நேர்த்தி போதவில்லை' என்று ஒரு வரி சேர்த்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை லேபுக்கு நான் மட்டும் போனேன். மின்சாரத்தை நிறுத்தி, ஃபைபரை உருவிவிட்டு, கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் கண்ணில் மாட்டும் லென்ஸை மாட்டிக்கொண்டு மாட்யூலின் வாய்க்குள் பார்த்தேன். வெளிச்சம் வெளியே வரும் இடத்தில் மஞ்சளாக ஒரு பொருக்கு ஒட்டியிருந்தது. ஓரத்தில் துளி சிவப்பு. அடக் கடவுளே என்று வாய்விட்டே சொன்னேன். லென்ஸ் துடைக்கும் தாளைக் குச்சியில் சுற்றி, ஸ்பிரிட்டில் தோய்த்து, அதையும் ஃபைபர் முனையையும் துடைத்தேன். சுவிட்சைப் போட்டதும் பச்சை எரிந்தது. சந்தோஷம் வரவில்லை.

திங்கட்கிழமை கமிட்டி வந்தது. இந்தப் போர்டில் தட்டியது அந்தப் போர்டில் எழுத்து எழுத்தாக வந்தது. ஒருவர் குறிப்பைப் புரட்டிவிட்டு, "சால்டரிங் சரியில்லைன்னு போட்டிருக்கே, இப்ப ஓடுதே?" என்று கேட்டார். அவள் கதவோரம் நின்றிருந்தாள். மேசையில் நான் மாட்யூலைத் துடைத்த தாள், மஞ்சள் கறையோடு, நான் எடுத்துப் போட மறந்தபடியே கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சால்டரில் குற்றமில்லை, பொட்டு வைத்தது நான், இவள் முன்கூட்டியே சொன்னாள், நான் கேட்கவில்லை. சொல்லவேண்டியது இவ்வளவுதான். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

"தூசி சார். சரி பண்ணியாச்சு" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார். குறிப்பில் அந்த வரி அப்படியே இருந்தது. நிரந்தரமானவர்கள் பட்டியலில் அவள் பெயர் இல்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள்.

அடுத்த வருஷம் அவள் இருக்கவில்லை. கீழவாஞ்சூரில் துறைமுகம் புதிதாக வந்திருந்தது. அங்கே லாரி எடை போடுமிடத்தில் வேலை கிடைத்ததாகச் சொன்னாள். கடைசி நாள் சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு, "மூடிய மட்டும் தட்டிட்டுக் கழட்டுங்க சார்" என்றாள். கேலியும் இல்லை, கோபமும் இல்லை. அலமாரி சாவி ஒட்டும், கொஞ்சம் தூக்கித் திருப்பணும் என்று சொன்ன அதே குரல். "சரிம்மா" என்றேன். வெட்கமாக இருந்தது.

பிறகொரு நாள் புதுப் போர்டு வந்து, பழையவற்றைக் கழித்துக்கட்டச் சொன்னார்கள். மாட்யூலை எடுக்க அந்த ஒயரை அகற்றவேண்டும். இடுக்கியால் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தேன். போர்டுதான் வளைந்தது, சால்டர் விடவில்லை. கடைசியில் கட்டரால் வெட்டித்தான் எடுத்தேன்.